எதிர்வீட்டு மீன் மணம்

கனடாவின் மொன்றியல் நகரில் எங்கள் மாடியில், எதிர்வீட்டில் தனியாக இருப்பவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்குக் கருவாட்டு மணம் பிடிக்காது என்று நானாகவே முடிவுகட்டி, வீட்டில் கருவாடு பொரிக்கக் கூடாதென்று மனைவிக்குச் சட்டம் போட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தேன். மாடி முழுக்கக் கருவாட்டு மணம்.

"சொன்னாக் கேக்கமாட்டீரோ? எதிர்வீட்டு மனுசி என்ன நினைப்பா?" என்று மனைவிமீது பாய்ந்தேன்.

"நான் அடுப்படிக்கே போகேல்லையப்பா!" என்றாள். நான் நம்பவில்லை. மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்ததும் அதே மணம் முகத்தில் அடித்தது. கையில் கரண்டியோடு நின்றவர், நான் வாய் திறக்குமுன்பே முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். புகையில் வாட்டிய மீனாம். அவர் பிறந்த இங்கிலாந்துக் கடற்கரைக் கிராமத்தில், முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு மீனுக்குப் புகை போடுவார்களாம். புகை மணந்தால், படகுகள் கரை சேர்ந்துவிட்டன என்று ஊருக்கே நிம்மதியாம். இப்போது அந்தப் புகைக் கொட்டில்களில் சுற்றுலாக்காரருக்குத் தேநீர் விற்கிறார்களாம்.

"உங்களுக்குப் பிடிக்காதென்று, நீங்கள் வேலைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் பொரிப்பேன்" என்றார்.

எனக்குப் பின்னால் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதிர்வீட்டில் கேட்கப் போன மன்னிப்பை, அன்று என் வீட்டு அடுப்படியில்தான் கேட்டேன்.

"மன்னிக்கிறதைப் பற்றிப் பிறகு யோசிப்பம்" என்றாள் அவள், சட்டியில் கருவாட்டைப் புரட்டியபடி.