கொண்டி விழாத கதவு

கதவு பூட்டவில்லை என்றால் எல்லாரும் பூட்டைத்தான் பழிக்கிறார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பழித்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பெற்ற அப்பாவே சொல்லுவார். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் என் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த லயத்தில், ஐந்தாவது காம்பரா எங்களுடையது. ஓர் அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அறைக்கு ஒரே ஒரு பலகைக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. வெளியே போகும்போது அதை இழுத்துச் சாத்தி, கதவில் இருக்கும் இரும்புக் கொண்டியை நிலையில் அடித்த வளையத்தின்மேல் மடக்கிவிட்டு, வளையத்தில் பூட்டைப் போட வேண்டும். கொண்டியின் துளையும் வளையமும் நேருக்கு நேர் வந்தால்தான் பூட்டு விழும். எங்கள் கதவில் அவை இரண்டும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

பூட்டாவிட்டால் என்ன, லயத்தில் யார் திருடப் போகிறார்கள் என்று கேட்கலாம். திருடன் பிரச்சினையே இல்லை. தோட்டமெல்லாம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த மண்ணில் இத்தனை வருஷம் இருந்தோம் என்று காட்ட என்னென்ன தாள் உண்டோ அத்தனையும் அதற்குள் இருக்கும். எங்கள் பெட்டியிலோ தாள்கள் நிறைந்து மூடியே சரியாக உட்காரவில்லை. மேல் லயத்தில் ஒரு வீட்டுக்குள் ஆடு புகுந்து ஒரு பிறப்புப் பத்திரத்தைப் பாதிவரை தின்றுவிட்டது. அந்த மனிதர் நகல் வாங்க நடந்த நடையைக் கேட்ட நாளிலிருந்து, என் வீட்டுக்காரர் பூட்டாத வீட்டில் பெட்டியை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்க மறுத்துவிட்டார். கையோடு கொண்டுபோகலாம் என்றால் பஸ்ஸில் மழை ஒழுகும். அடுத்த வீட்டில் கொடுத்து வைக்கலாம் என்றால், அடுத்த வீட்டுக்காரர்தான் ஆடு வளர்த்தார்.

இதனால் முந்தின வருஷம் வட்டகொடையில் நடந்த என் அண்ணன் கல்யாணத்துக்கு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். அங்கே தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிட என் பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்தவர்கள்தான் அதிகம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி, சண்டையா?" என்று ஆரம்பித்து வைத்தார். வீட்டுக் கதவு பூட்டவில்லை, அதனால் அவர் வரவில்லை என்றேன். நான் சொன்னது முழு உண்மை. ஆனால் அதைச் சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. சாயந்தரத்துக்குள் நான் சண்டைக்காரி என்பது முடிவாகிவிட்டது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் இலையில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது தங்கச்சிக்குக் கல்யாணம் என்று அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மூத்த மகளும் மருமகனும் சேர்ந்து நின்றுதான் தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும், ஜோடியாக வந்து சேருங்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் இருந்தது. இந்தத் தடவையும் தனியாகப் போய் நின்றால் அப்பாவின் முகத்தில் முழிக்க முடியாது. இந்தக் கதவைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். சரிபண்ண வேண்டியவர் அவர். கங்கணம் மட்டும் என்னுடையது.

முதலில் மழையைக் குற்றம் சொன்னோம். மழைக்கு மரம் ஊதிக்கொள்ளும், நாலு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று லயமே சொன்னது. அதிசயமாக நாலு நாள் வெயில் அடித்தது. கதவு அப்படியேதான் நின்றது. அடுத்தது கீல். கீலின் திருகாணிகள் லொடலொடவென்று ஆடின. என் வீட்டுக்காரர் ஓட்டைகளில் தீக்குச்சிகளை ஒடித்துச் சொருகி, திருகாணியை மறுபடி முறுக்கினார். அது நல்ல வைத்தியம்தான், ஆட்டம் நின்றது. ஆனால் கொண்டி விழவில்லை. கதவின் விளிம்பெல்லாம் மெழுகுதிரியைத் தேய்த்துப் பார்த்தோம். கதவு வழுக்கிக்கொண்டு வந்து, பூட்டாமல் நின்றது.

தோட்டத்துத் தச்சு வேலை பார்க்கும் சிங்களத்து பாஸ் ஏற்கெனவே ஒரு தடவை வந்துபோனவர். அண்ணன் கல்யாணம் முடிந்து நான் வந்து போட்ட சத்தத்தில், அவர்தான் நிலையில் இருந்த வளையத்தைக் கழற்றி ஒரு விரல் மேலே ஏற்றி அடித்தார். மூன்று மாதம் பூட்டியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்போது திரும்ப வந்து பார்த்தவர், பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னார். கதவில் குற்றமே இல்லையாம். லயம்தான் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறதாம். சுவரோடு நிலையும் வளையமும் கீழே போகிறதாம், கதவு மட்டும் பாவம் நின்ற இடத்தில் நிற்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு என் தரையைப் பார்த்து, இந்தத் தோட்டத்திலேயே இப்படி ஒரு தரை கிடையாது என்று பாராட்டி, ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போனார்.

என் தரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாரா வாரம், வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வேலை விட்டு வந்த கையோடு மெழுகிவிடுவேன். மாட்டுப் பட்டியிலிருந்து சாணி, ஓடைக் கரையை வெட்டிய இடத்திலிருந்து பசைமண், இரண்டையும் கையால் பிசைந்து, மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடியே இழுத்துக்கொண்டு வருவேன். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. பிள்ளை பெற்ற நாட்களில்கூட அவரை விட்டு மெழுக வைத்தேன். மற்ற வீட்டுப் பெண்களும் மெழுகினார்கள்தான். ஆனால் தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா லயம் பார்க்க வந்தால் எங்கள் வாசலில்தான் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும், ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவாது.

கல்யாணம் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். கொண்டி விழவில்லை, ஆள் வரப்போவதில்லை, மறுபடி அந்த அத்தை, மறுபடி அந்த அப்பளம் என்று முனகிக்கொண்டே அம்மிக் குழவியைக் கழுவித் தூக்கிக்கொண்டு வந்தேன். கோபத்தில் கை வழுக்கி, குழவி கதவுக்குப் பின்னால் தரையில் விழுந்தது. ஒரு கை அகலத்துக்குத் தரை பெயர்ந்து வந்தது.

அழத்தான் குனிந்தேன். பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்தால் அது வெங்காயம் மாதிரி தோல் தோலாக இருந்தது. ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு வாரம். பிரித்துக்கொண்டே போகிறேன், முடியவில்லை. பள்ளத்தில் விரலை விட்டால் நாலு விரலும் போனது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. புதுப்பெண்ணாக வலது காலை எடுத்து வைத்து இந்த வீட்டுக்குள் வந்தபோது, நிலைப்படியைத் தாண்டியதும் கால் கீழே இறங்கியது. எதிர்பாராமல் தடுமாறி அவர் கையைப் பிடித்தேன். இப்போது நிலைப்படியும் தரையும் ஒரே மட்டமாக இருந்தன.

கதவை இழுத்துப் பார்த்தேன். கதவின் அடி என் தரையின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கதவு இறங்கிப்போனால் கொண்டி வளையத்துக்குக் கீழே நிற்க வேண்டும். எங்கள் கொண்டி மேலே நின்றது. கதவை எது தூக்கியது என்று இத்தனை நாள் பார்த்த யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மழையும் இல்லை, கீலும் இல்லை, லயம் மலையை விட்டு இறங்கவும் இல்லை. நான்தான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன்.

முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு அவசரம் வந்தது. புல் எடுக்கும் சுரண்டியை எடுத்துக்கொண்டு, கதவு திறந்து மூடுகிற அரைவட்டம் முழுவதையும், கொண்டி வளையத்துக்கு நேராக இறங்கும்வரை சுரண்டினேன். கட்டி கட்டியாக வந்ததை மகளும் நானும் வாளியில் அள்ளி அவரைக்கொடிப் பந்தலின் அடியில் கொட்டினோம். கதவின் அடியில் இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் செதுக்கிய தழும்பு இருந்தது. பாஸ் பார்த்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். சுரண்டி முடித்துக் கதவை இழுத்தேன். கொண்டியை மடக்கினேன். டக்கென்று வளையத்தின்மேல் விழுந்தது. நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு ஆடு மிரண்டு ஓடியது. மகள் ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று சாயந்தரம்வரை பூட்டிப் பூட்டித் திறந்தோம்.

அவர் வந்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருஷமாக அவரைத் திட்டியிருக்கிறேனே! வெயிலுக்குக் காய்ந்து கதவு தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னேன். வெளியே பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், புதிதாக மெழுகிய அரைவட்டத்தைப் பார்த்தார், தூறலையும் பார்த்தார்.

"ஆமா, நல்ல வெயிலு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்று பேரும் பஸ் ஏறினோம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மூன்று பேரும் சேர்ந்து வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. மகள் பார்க்கிற பாலத்துக்கெல்லாம் கை தட்டினாள். தலவாக்கலையில் ரயில் ஏறினோம். வட்டகொடை அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் என் வயிற்றில் எந்த ரகசியமும் ஒரு ஸ்டேஷன் தாங்காது. ரயில் கிளம்பியதும் தரையைப் பற்றி முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள. ஒங்கண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். கவ்வாத்துக் கத்தியால கதவு அடிய ரெண்டு மூணு தரம் செதுக்கியும் பாத்தேன். பத்தல" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தெரிந்துகொண்டேதான் தீக்குச்சி சொருகினாரா? தெரிந்துகொண்டேதான் பாஸ் சொன்ன கதைக்குத் தலையாட்டினாரா? தரையில் கொஞ்சம் சுரண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் கல்யாணத்தில் எனக்கு அந்தப் பேர் வந்திருக்காது. இவ்வளவையும் ரயிலில் சொல்ல முடியாமல் வாயை இறுக்கிக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து அப்பாவின் லயம்வரை ஏற்றம் முழுவதும் நான் முன்னால், அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால். பேச்சே இல்லை.

வாசலில் நின்ற அப்பா எங்களைக் கண்டதும் மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அன்று ராத்திரியும் நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசவில்லை. சொந்தக்காரப் பெண்களுக்கு மட்டும் எங்களைப் பார்த்து ஒரே சந்தோஷம். எவ்வளவு அமைதியான ஜோடி, ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தாலித் தட்டை நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சபையில் ஒவ்வொருவரிடமாக நீட்டினோம். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு மூலையில் கொஞ்சம் நிற்க வேண்டி வந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவரும் தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"ஊரு ஒன்னைய சண்டக்காரின்னு சொன்னா, அது பொய்யின்னு ஒனக்கே தெரியும். ஒந்தரையாலதான் எல்லாம்னு நாஞ் சொல்லியிருந்தா, அத நீ நம்பியிருப்பே. அப்பறம் ஒரு நாளும் முன்ன மாதிரி சந்தோசமா மெழுகியிருக்க மாட்டே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் தட்டு, துடைக்க முடியவில்லை. தாலிமேல் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பினால், நேர் எதிரே அத்தை நின்றுகொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"என்னடி, சண்டையா?"

"ஆமாத்தை" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல். "இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சண்ட போடுறோம்."