டிக்கெட் வாங்கியாச்சே!

புரொபசர் ஆர்வில் ஹாக்லண்ட் எதிலிருந்தும் பாதியில் எழுந்து வரக்கூடியவர். ஹாக்கி ஆட்டத்தில் நம் அணி தோற்கும் என்று தெரிந்தால் முதல் இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார். மச்சினி கல்யாண விருந்தில் கோழி வேகவில்லை என்று கேக் வெட்டுமுன்பே வெளியேறியவர். அவர் மனைவி மார்லிஸ் எந்தப் படத்தின் முடிவையும் தியேட்டரில் பார்த்ததில்லை. எங்கே போனாலும் கோட்டைக் கழற்றாமல் உட்காருவது அவளுக்குப் பழகிவிட்டது.

இது முன்கோபமல்ல, கொள்கை. அமெரிக்காவின் வடகோடியில், ஃபார்கோ நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் முப்பது வருஷமாக அவர் நடத்திய முதல் பாடமே இதுதான்: போன காசு போனதுதான், டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று மட்டமான படத்தில் உட்கார்ந்திருப்பவன் காசோடு சாயங்காலத்தையும் தொலைக்கிறான். பரீட்சையில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். அப்படியும் தவறாக எழுத ஆள் இருந்தது.

ஓய்வுபெறும் வருஷத்தில் பழைய மாணவர் விருந்தை அவர் தலையில் கட்டினார்கள். விருந்து இலவசமாக இருந்தவரை எல்லோரும் "கட்டாயம் வரேன்" என்பார்கள். வந்ததோ பேராசிரியர்களும், மிச்ச சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களும். டீன் கிரெய்க் ஹுஸ்பி பொறுமை இழந்தார்.

"ஆர்வில், இந்தத் தடவை பாதி ஹாலாவது நிரம்பணும். இல்லேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து பிசினஸ் ஸ்கூல் விருந்தோட சேர்த்துடறேன். அவங்க இறால் போடறாங்க. பலூன் கட்டறாங்க."

ஹாக்லண்டுக்கு முகம் செத்துவிட்டது. பிசினஸ் ஸ்கூல்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, பிராண்டு என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவதா? துறையின் மானம் என்னாவது?

உடனே கமிட்டி கூடியது. ஐந்து பொருளாதார நிபுணர்கள் இரண்டு மணி நேரம் யோசித்து ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே டிக்கெட் விற்க வேண்டும், பணம் திரும்பக் கிடையாது. காசு கொடுத்தவன் வராமல் எங்கே போவான்? ஹாக்லண்டும் பலமாகத் தலையாட்டினார். டிக்கெட் மொத்தமும் விற்றது. துறையின் பாடங்கள் அவர்கள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்று பழைய மாணவர்களைப் பாராட்டி ஒரு உரையும் தயாரித்தார்.

விருந்தன்று காலையில் பனிப்புயல். ஏப்ரலில் வருவதுதான், எங்கள் ஊரில் யாரும் அதற்கு வாய் பிளப்பதில்லை. மத்தியானம் ஹாக்லண்டின் போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் அவருடைய தங்கப்பதக்க மாணவி, மினியாபொலிஸ் வங்கியில் பெரிய பதவியில் இருக்கும் அனிகா லோஃப்கிரென்.

"புரொபசர், நான் வரலை. ரோடு மோசம்."

"டிக்கெட் வாங்கிட்டியேம்மா!"

"அது போன காசு புரொபசர். அதுக்காக மூணரை மணி நேரம் பனியில ஓட்டினா நீங்க எனக்கு முட்டை மார்க்குதானே போடுவீங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "சரியான விடை" என்றார்.

அதன்பின் வரிசையாக வந்தன சரியான விடைகள். ஒருவன் அந்த சினிமா உதாரணத்தை வரி பிசகாமல் ஒப்பித்தான். நன்றாகப் படித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இத்தனை வெற்றிகரமான ஆசிரியர் இருக்க முடியாது. காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இறாலை நினைத்துப் பார்த்தார்.

ஆறு மணிக்கு ஜன்னலில் மஞ்சள் விளக்கு சுழன்றது. ஒரு பனி அள்ளும் லாரி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து கார்கள். லாரியிலிருந்து குதித்தவன் டாரல் க்னுட்ஸ்விக். அதே பாடத்தில் இரண்டு முறை ஃபெயில் ஆனவன்.

"என்ன டாரல், இந்தப் புயல்லயா?"

"நாலு டிக்கெட் வாங்கியாச்சே புரொபசர்! மாட்டுக்கறின்னு போட்டிருந்தீங்க, விடுவேனா? பெட்ரோல் பங்க்ல இவங்கள்லாம் முழிச்சிக்கிட்டு நின்னாங்க. என் பின்னாடியே வாங்கன்னேன்."

காலணியிலிருந்து பனியை உதறியபடி உள்ளே வந்த ஒவ்வொரு முகமும் வாங்கிய கிரேடோடு ஹாக்லண்டுக்கு அடையாளம் தெரிந்தது. சி மைனஸ். டி. டி. ஜன்னல் பக்கம் தூங்கிய சி. மனைவி, மாமியார், பிள்ளைகுட்டி சகிதம். கேட்டால் ஒரே பதில்: "காசு குடுத்தாச்சே!"

நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் டீன் முழங்கால் பனியில் நடந்து வந்து, நாற்காலிகளை எண்ணி, மலைத்துப்போனார்.

"பாதிக்கு மேல நிரம்பிடுச்சே ஆர்வில்! இந்தப் புயல்ல பிசினஸ் ஸ்கூலுக்கு ஒரு ஈ வந்திருக்காது. உங்க விருந்து உங்களுக்கே. அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தீங்க இவங்களுக்கு?"

ஹாக்லண்ட் தயாரித்த உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் அமுக்கினார்.

சாப்பிடும்போது டாரல் பக்கத்தில் வந்து குனிந்தான். "புரொபசர், ரொம்ப நாளா கேக்கணும். அந்த சினிமா டிக்கெட் கேள்விக்கு விடை என்ன?"

"நீ என்ன எழுதினே?"

"காசு குடுத்தாச்சு, கடைசிவரைக்கும் பாத்துட்டுதான் வருவேன்னு."

"அதுவே இருக்கட்டும். போய்ச் சாப்பிடு."

கறி செருப்புத்தோல் மாதிரி இருந்தது. மார்லிஸ் பழக்கப்படி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "கிளம்பலாமா?"

"உக்காரு மார்லிஸ்" என்றார் ஹாக்லண்ட், மென்றுகொண்டே. "டிக்கெட் வாங்கியாச்சே."

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, இனிப்பு என்ன என்று கேட்டாள்.