முக்காட்டில் இருந்த சிவப்பு

என் மகள் சுகிர்தத்தின் வெள்ளை முக்காட்டு ஓரத்தில் மிளகாய் விதையளவு ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட விரித்தபோது பார்த்தேன். மறுநாள் திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் தலையில் அத்தியட்சர், அதாவது பிஷப், கைவைத்து ஜெபிப்பது, அதற்குப் பிறகுதான் அவர்கள் நற்கருணை வாங்கலாம்). வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவள் அந்த முக்காட்டைப் போட்டுப் போயிருந்தாள். இருமியிருக்கிறாள்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சுகாதாரப் பாடமும் நான்தான் நடத்துகிறேன். இருமும்போது ரத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். இருந்தும் அந்த முக்காட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தரம் கசக்கி, வெயிலில் காயப்போட்டு, தேய்த்து மடித்துவைத்தேன். பல் ஈறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வியாதி வீட்டுக்குள் வந்திருக்கிற தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் பிழைத்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பிழைத்த கதை மட்டும் போதும் என்றால் இதற்கு மேல் வாசிக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே இரண்டு மாதமாக அவளுக்குச் சாயங்காலங்களில் உடம்பு சுட்டது. ரவிக்கை தொளதொளத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் “உப்பளத்துக் காத்து ஒத்துக்கலை” என்று சொன்னேன். தூத்துக்குடியில் எந்த இருமலுக்கும் அந்தப் பதில் செல்லும். யுத்தத்தினால் அத்தியட்சர் எங்கள் சபைக்கு வந்து மூன்று வருஷமாகியிருந்தது. இந்தத் தடவை விட்டால் இன்னும் எத்தனை வருஷமோ. அவளுக்குப் பதினாறு வயது. ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். இவையெல்லாம் நான் சொல்லிக்கொண்ட காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. சயரோகம் (காசநோய்) என்ற சொல் ஒரு பெண்பிள்ளையின் மேல் விழுந்துவிட்டால், வியாதி போன பிறகும் அந்தச் சொல் போகாது.

எங்கள் கோயிலில் நற்கருணைத் திராட்சரசத்துக்கு (வெறுமனே ‘ரசம்’ என்போம்) ஒரே பாத்திரம். வெள்ளிப் பாத்திரம். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் வரிசையாக முழங்கால் போடுவோம். குருவானவர் (எங்கள் பக்கம் ‘ஐயர்’ என்போம்) ஒவ்வொருவர் உதட்டிலும் பாத்திரத்தை வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார். பணக்காரருக்கு ஒன்று, தோணியில் மூட்டை சுமப்பவருக்கு ஒன்று என்று கிடையாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பிள்ளைகள் முதலில் வாங்கினார்கள். வரிசையின் கடைசியில் சுகிர்தம். அவளை அடுத்து, பெரியவர்களில் முதல் ஆளாக, ஞானப்பூ மதினி முழங்கால் போட்டிருந்தார். பாத்திரம் என் மகள் உதட்டிலிருந்து எடுக்கப்பட்டதையும், துணி விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியதையும், மதினி கண்ணை மூடிக்கொண்டு குடித்ததையும் நான் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன்.

மதினி எனக்கு உறவு இல்லை. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்து, சீக்கிரமே புருஷனை இழந்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் தையல் சொல்லிக்கொடுத்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பீடத் துணிகளைத் துவைக்கிற ஆறு பெண்களில் அவரும் நானும் இருந்தோம். வாரம் ஒருத்திக்கு முறை. பாத்திரம் துடைத்த துணியில் ரசம் பட்டிருக்கும்; அதை முதலில் அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கோயிலுக்குக் கிழக்கே இருந்த பூவரச மரத்தின் மூட்டில்தான் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகே சவுக்காரம் போடலாம். இது எங்கள் வழக்கம்.

திடப்படுத்தல் முடிந்து இரண்டு வாரத்தில் சுகிர்தம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு கை நிறைய ரத்தம் துப்பினாள். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து, இடது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு குழி இருக்கிறது என்றார்.

“ரத்தம் முதல்ல எப்பப் பாத்தீங்க, டீச்சர்?”

“போன வியாழக்கிழமை, டாக்டர்.”

“அதுக்கு முன்னால ஒண்ணும் இல்லையே?”

“இல்ல.”

“வேற யாரும் அவ குடிச்ச டம்ளர்ல குடிச்சது உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் கணவர் பக்கத்தில் இருந்தார். அவருக்கு முக்காடு விஷயம் தெரியாது. யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “இல்ல, டாக்டர்” என்றேன்.

அப்போது இந்த வியாதிக்கு மருந்து என்று எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அசையாமல் படுத்திருப்பது, பால், முட்டை, சுண்ணாம்புச் சத்து ஊசி, திறந்த ஜன்னல். சானடோரியத்தில் (சயரோகக்காரரை வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி) படுக்கைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை வீடுதான். நான் வேலையை விட்டால் பாலும் முட்டையும் இல்லை. வேலைக்குப் போனால் பகலில் அவளுக்கு ஆள் இல்லை.

கேள்விப்பட்ட மறுநாள் காலையிலேயே ஞானப்பூ மதினி வந்து நின்றார். கையில் ஒரு பித்தளைப் போணி. “எச்சில் துணி வேவிக்கிறதுக்கு. உன் வீட்டுச் சட்டி எல்லாம் கொழம்பு வாசம் அடிக்கும்” என்றார். பீடத் துணிக்கு இருந்த முறையையே என் மகளுக்கும் போட்டார். திங்கள் ஒருத்தி, செவ்வாய் ஒருத்தி. ஆறு பேரில் நான் போக ஐந்து. ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி, வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற நால்வரும் உள்ளே வந்தார்கள். மதினி இரண்டு நாள் முறையை எடுத்துக்கொண்டார்.

திரேஸ்புரத்திலிருந்து சுறா எண்ணெய் வாங்கி வருவார். அந்த வாடைக்குச் சுகிர்தம் முகத்தைத் திருப்புவாள்.

“கண்ண மூடிட்டு முழுங்கு மக்கா. நாலு மாசம் குடிச்சேன்னா கடல்ல சுறா உன்னப் பாத்து ஓடும்.”

“நீங்க குடிச்சுக் காட்டுங்க, அத்தை.”

“எனக்கு எதுக்கு? என்னப் பாத்து ஏற்கெனவே ஓடுதுல்லா!”

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கட்டிலருகில் போய் அவள் மூச்சைப் பார்ப்பேன். மதினிக்கு அது பிடிக்காது.

“ஏளா டீச்சர், அந்தப் பார்வைய வெளியே கழத்திப் போட்டுட்டு உள்ள வா. பரீட்சைப் பேப்பர் திருத்துத மாதிரி பாத்தா எந்தப் பிள்ளைக்குச் சோறு எறங்கும்?”

அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் பாத்திரத்தின் விளிம்பை நினைத்தேன்.

நாலாவது மாதம் அவர் இருமத் தொடங்கினார். கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். நான் பின்வாசலில் நின்றிருந்தேன்.

“என்ன மதினி?”

“ஒண்ணுமில்லளா. உப்பளத்துக் காத்து.”

அது நான் எல்லோரிடமும் சொன்ன பதில்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். “மதினி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே இவளுக்கு ரத்தம் வந்துட்டு. அவளுக்கு அடுத்தாப்பல நீங்க குடிச்சீங்க. டாக்டர்ட்ட போங்க.” அவ்வளவுதான். சொன்னால் அவர் போவார். போனால் நின்றுவிடுவார். அவர் நின்றால் மற்றப் பெண்களும் யோசிப்பார்கள். ஊர் முழுக்க முக்காட்டைப் பற்றிப் பேசும். சானடோரியத்திலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. பகலில் என் மகள் தனியாகக் கிடப்பாள்.

ஏழு வாரம் பேசாமல் இருந்தேன். அந்த ஏழு வாரமும் மதினி இரண்டு நாள் முறையைத் தவறாமல் வந்தார். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ரவிக்கையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார். தையல் டீச்சர் அல்லவா, வெளியே தெரியாமல் தைத்தார். எனக்குத் தெரிந்தது.

படுக்கை கிடைத்தது. சுகிர்தத்தை ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே அவளுக்கு ஏ.பி. வைத்தியம் தொடங்கினார்கள் (விலாவுக்குள் ஊசி வழியாகக் காற்றை ஏற்றி, நோயுள்ள நுரையீரலைச் சுருக்கி, அதற்கு ஓய்வு கொடுப்பது). முதல் ஊசி போட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, ஒரு பக்கம் பூட்டுத மாதிரி இருக்கு” என்றாள். திரும்பி வந்ததும், பெட்டியை வைத்த கையோடு மதினி வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னலருகே உட்கார்ந்து பிள்ளைகளின் தையல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முக்காடு, உப்புத் தண்ணீர், டாக்டரிடம் சொன்ன பொய், ஏழு வாரம்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்த வாரம் துணி முறை யாருக்குன்னு நெனச்ச?”

எனக்குப் புரியவில்லை.

“எனக்குல்லா. பாத்திரம் தொடச்ச துணிய விரிச்சேன். ஒரு எடத்துல மட்டும் செவப்பு வேற மாதிரி இருந்துச்சு. ரசத்துக் கறைய முப்பது வருஷமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா? ரசமாத்தான் இருக்கும்னு சொல்லிக்கிட்டேன். அலசி, பூவரச மூட்டுல ஊத்திட்டேன்.”

“அப்ப இருமல் வந்தப்ப ஏன் மதினி டாக்டர்ட்ட போகல?”

“போனா படுன்னு சொல்லுவாரு. அப்புறம் உன் பிள்ளைய யாரு பாப்பா? நீயா? நீ பேப்பர் திருத்துவ.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. நான் முதுகைத் தடவினேன். என் கைக்கு எலும்புகள்தான் தட்டுப்பட்டன.

அவர் என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு ஆசை. அந்த வார்த்தை எங்களுக்குள் வரவே இல்லை. நான் கேட்கவில்லை.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மதினிக்கு இரண்டு நுரையீரலிலும் நோய் இருந்தது. ஏ.பி. செய்வதற்கு நல்ல பக்கம் என்று ஒன்று வேண்டுமாம். மதினிக்கு அது இல்லை. பிறகு டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். பாத்திரத்தினால்தான் வந்ததா என்று கேட்டேன்.

“யாரும் சொல்ல முடியாது, டீச்சர். அந்த ஒரு நாள்ல வந்ததா, உங்க வீட்ல மாசக்கணக்கா இருந்ததுல வந்ததா, சின்ன வயசிலேயே உள்ள வந்து தூங்கிட்டிருந்ததா, எனக்குத் தெரியாது. ஏழு வாரம் முந்திக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அத மட்டும்தான் என்னால சொல்ல முடியும்.”

இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு எழுதுகிற குரலில் சொன்னார்.

ஐயரிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர், “பிள்ளை திரும்பி வந்தா, வரிசையில எல்லாருக்கும் கடைசியா முழங்கால் போடச் சொல்லுங்க” என்றார்.

“அவளுக்கு அப்புறம் மிச்சத்த நீங்கல்லா ஐயரே குடிக்கணும்?” பாத்திரத்தில் மீந்ததைக் கொட்டக்கூடாது, குருவானவர்தான் குடித்து முடிக்க வேண்டும். அது முறை.

“ஆமா. அது என் வேலை. இத முன்னாலேயே சொல்லியிருந்தீங்கன்னா, டீச்சரம்மா, அன்னைக்கும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.”

இவ்வளவு சின்ன வழி இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் திடப்படுத்தலும் நடந்திருக்கும்.

மதினிக்கு முறை போட்டோம். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதே பித்தளைப் போணியில் அவர் துணிகளை வேகவைத்தேன். சுறா எண்ணெயை நீட்டினால், “இப்ப என்னளா, எனக்குமா?” என்பார். கடைசி மாதத்தில் பேச்சுக்கே மூச்சு போதவில்லை. என் கண்ணைப் பார்ப்பார். கையால் வெளியே காட்டுவார். பார்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன் இறந்துபோனார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நாலடி தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். பெட்டியை இறக்கும்வரை இரண்டு ஆண்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்துச் சுகிர்தம் வீடு திரும்பினாள். மூன்று தடவை சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மதினி எங்கே என்று கேட்டாள். கடிதத்தில் நான் எழுதியிருக்கவில்லை. அதையும் ஒளித்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், முக்காட்டிலிருந்து. “எனக்குத் தெரியும்மா” என்றாள். “முக்காட்டுல நான்தான பாத்தேன் மொதல்ல. நீங்க தொவச்சு வச்சதும் ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிராதியின் கடைசியில் அவள் முழங்கால் போடுகிறாள். கிருமி இல்லை என்றாலும் அவளே அப்படித்தான் வேண்டும் என்றாள். ஐயர் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பி, மீதியைக் குடிக்கிறார். அவர் தொண்டை அசைவதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் என்பது இல்லை. பதினைந்து நாள்தான் இருக்கிறது: காற்று ஏற்றப் போகிற நாளிலிருந்து அடுத்த தடவை வரை. நாளுக்கும் ஒரே நேரம்தான், சாயங்காலம் நாலு மணி. தெர்மாமீட்டரை முதலில் அவள் வைக்கிறாள், கழுவிவிட்டு நான் வைக்கிறேன். என் உடம்பை நான் இத்தனை வருஷம் கவனித்ததே கிடையாது. இப்போது யாராவது இருமினால், என் கை தானாக என் நெஞ்சுக்குப் போகிறது. வகுப்பில், கடையில், ஆராதனையில், ஒவ்வொரு இருமலையும் எண்ணுகிறேன். மூச்சு விடுவது ஒரு வேலை என்று தெரிந்த பிறகு, அதைத் தெரியாமல் செய்ய முடிவதில்லை.

மதினியின் துணி முறையும் எனக்கு வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் துணியைக் கோயிலின் கிழக்கு ஜன்னலில், வெளிச்சத்தில் விரிக்கிறேன். சிவப்பு இல்லாத வாரம் கிடையாது. தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கும். என் கை அதில் இறங்காது. அங்கி கழற்றிக்கொண்டிருக்கிற ஐயரைக் கூப்பிடுகிறேன். அவர் வந்து, குனிந்து, அவசரமில்லாமல் பார்க்கிறார்.

“ரசந்தான், டீச்சரம்மா.”

அதன் பிறகுதான் நனைக்கிறேன்.