மிச்சம் ஒன்று

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வரும். இரண்டு கிரைண்டர்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். வில்லியனூரில் தோசை மாவு அரைத்து எட்டுக் கடைகளுக்கு அனுப்பும் அந்தக் கூடத்தில் மரிய செலின் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பத்துப் பெண்கள். புதன்கிழமை முதலாளி சுப்பராயலு வந்து நின்ற வாக்கிலேயே சொன்னார்.

"வியாபாரம் படுத்துக்கிச்சும்மா, கிரைண்டரை வித்துட்டு மூடப்போறேன். கடைக்கு முப்பது பாக்கெட் போனது இப்ப பதினெட்டு. இன்னா காரணம்னு உங்கள்ல ஒருத்தராவது சொல்ல முடியுதா?"

முடியவில்லை. மூன்று மாதம் முன் டவுன் ஆபீஸ் தந்த டேப்லட்டில் தினமும் கடைக்கணக்கைத் தட்டத் தெரியும்; தட்டியதைத் திரும்பப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. பயிற்சி என்று ஒரே ஒரு பிற்பகல் நடந்தது. எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதோடு முடிந்தது.

கணவன் இறந்த ஆறாம் மாதம் அரிசி கழுவ வந்தவள் செலின். சூப்பர்வைசராகப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. மகள் நர்சிங் மூன்றாம் வருடம். நாற்பத்தாறு வயதில் இனி எந்த வாசலில் போய் நிற்பது?

காரணத்தைக் கடையிலேயே கேட்க வியாழன் காலை பஸ் மாறித் தவளக்குப்பம் போனாள். கடைக்காரர் கண்ணையன் அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"வாக்கா! நீங்க அனுப்பறது மாவா, கோயில் பிரசாதமா? ஏழரைக்கே தீந்துடுது. டிரைவரைக் கேட்டா கம்ப்யூட்டர் கொறைக்கச் சொல்லுதுன்றான்."

"தீந்துடுதா? தினமும் ஒண்ணு மிச்சம்னுல்ல இருக்கு?"

"மிச்சமா? என் பொண்டாட்டிக்கே ஒண்ணு எடுத்து வைக்க முடியல. நாங்க தீந்துபோச்சின்னு தானே போன்ல சொல்றோம்!"

 அந்த ஒன்று செலின் வைத்தது. டேப்லட் வந்த முதல் வாரம், பத்துப் பெண்களில் ஒருத்தியான ருக்குமணி மிச்சம் என்ற கட்டத்தில் சைபர் போடப் போனபோது அவள்தான் தடுத்தாள். "சோத்துப் பொருளுக்குச் சைபர் போடாதடி, வெளங்காது. ஒண்ணு போடு." அரிசிப் பானையை ஒருநாளும் அடிவரை வழித்தெடுக்காத கைகள்; மறுபேச்சில்லாமல் எல்லோரும் ஒன்று போட்டார்கள். டவுன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ விதி வேறு. வாரம் முழுக்க மிச்சம் காட்டும் கடைக்கு அடுத்த வாரம் ஒரு பாக்கெட் குறை. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாக்கெட்.

அப்படியே முதலாளியிடம் போய் நின்றாள். தான் செய்ததைச் சொன்னாள்.

"அப்ப இத்தினி நாளும் நீங்க எழுதினது பொய். இப்ப சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

 உண்மை எந்தக் கட்டத்திலும் பதிவாகவே இல்லை.

"நாளைக்கு ஒரு நாள் பழையபடி முப்பது அனுப்பறோம் சார். பத்து மணிக்குப் பாருங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே லாரி வாசலில் நின்றது. கடைகளுக்குப் போன் போட்டார்கள். முதல் கடையில் மாவு தீர்ந்திருந்தது. ருக்குமணியின் விரல் தயங்கியது.

"வெள்ளிக்கிழமை அதுவுமா..."

"சைபரைப் போடுடி."

ஏழு கடைகள் சைபர். பாகூர்க் கடையில் மட்டும் நான்கு மிச்சம்.

"அதுக்கும் சைபர் போட்டுடலாம்கா," ருக்குமணி கெஞ்சினாள். "லாரிக்காரன் கயித்தை அவுக்கறான்."

செலின் டேப்லட்டைப் பிடுங்கி நான்கு என்று தட்டினாள். 

சுப்பராயலு டேப்லட்டை வாங்கிப் பார்த்தார். "பாகூர் நாலா?"

"நாலு சார்."

"மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நம்பற மாதிரி ஒரு நம்பர் வந்திருக்கு." பெருமூச்சு விட்டார். "வாங்க வந்தவனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஒரு கிரைண்டர் போவட்டும். இன்னொண்ணை வெச்சி ஒரு மாசம் ஓட்டிக் காட்டுங்க. அதுக்கு அஞ்சு பேர் போதும். யார் யார்னு நீயே எழுதிக் குடு."

கிரைண்டர் லாரியில் ஏறும் சத்தம் கேட்டது. செலின் வெற்றுத் தாளை எடுத்தாள். பத்துப் பேரும் வேலை இருப்பதுபோல் சுத்தமான தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ருக்குமணி மட்டும் கிட்டே வந்தாள். "நான் இருக்கேனாக்கா?"