பீப்பா வைனும் நண்டுக்கறியும்

மேசைக்குப் பரிமாறுகிற வேலையில் தட்டு விழுந்தால் கூட்டி அள்ளிவிடலாம், வாயிலிருந்து விழுந்த பிழைக் கதையை அள்ள ஏலாது. இதையும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் வைனைப் பற்றி எழுத வந்தால் பயம் வராதா?

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு விடுதியில் வேலை. முழங்கால் வலி காரணமாக, மூன்றாம் மாடியில் அறை துப்புரவாக்குகிற வேலையை விட்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கீழே சாப்பாட்டறைக்கு மாறியிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் புது மனேஜர் பிரெஞ்சு வெள்ளை வைன் ஒன்றை இறக்கினார். "எதோட சாப்பிடுறது எண்டு ஆக்கள் கேட்டால் சரியாச் சொல்லவேணும் அக்கா. இல்லாட்டித் திரும்ப மேலதான்" என்றார். என்னைப்போலத் தட்டுத் தூக்கிப் பாடுபடுகிறவர்களுக்கு இது விளங்கும்.

வெள்ளை

முதல் போத்தலைத் திறந்து ஊற்றினால், வைன் மஞ்சளாக வந்தது. வெள்ளை வைன் என்றார்களே, பழுதாகிவிட்டதாக்கும் என்று, மேசையிலிருந்த வெள்ளைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். "வெள்ளைக்காரருக்குப் பழுதானதைக் குடுக்க ஏலுமா தம்பி?" என்று பின்னால் வந்த மனேஜரைக் கேட்க, அவர் தலையில் கைவைத்தார்.

"அவரையும் வெள்ளைக்காரர் எண்டுதானே சொல்றீங்கள் அக்கா, அவர் வெயிலுக்குச் செக்கச்செவேல் எண்டெல்லோ இருக்கிறார்!"

பீப்பா

ஓக் என்ற மரத்தில் செய்த பீப்பாவுக்குள் மாதக்கணக்காய்க் கிடந்த வைன், அதுதான் அந்த நிறமும் மணமும் என்று மனேஜர் சொல்லித் தந்தார். பாடமாக்கி வைத்தேன். கனடாவிலிருந்து வந்த ஒருவர், சாம்பல்தீவில் இருக்கிற தாயைச் சாப்பிடக் கூட்டி வந்தார். வைனை ஊற்றிவிட்டு, "இது பீப்பாவில கிடந்தது அம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா ஒற்றை விரலால் கிளாஸை மகன் பக்கம் தள்ளினார்.

"எங்கட பக்கம் பீப்பாவில வாறது றோட்டுக்கு ஊத்திற தார் பிள்ளை, எனக்கு ஒரு சோடா கொண்டு வாங்கோ."

நண்டு

பாய்மரப் படகில் வந்திறங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், இந்த வைனோடு என்ன சாப்பிடலாம் என்று கேட்டார். பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் விடுதியில் பேர்போனது நண்டுக்கறி; அதையே சொன்னேன். ஒரு வாய் கறி, ஒரு மிடறு வைன். மனிதருக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. உறைப்புக்கு மேல் இந்த வைன் போனால் எரிவு கூடுமாம், அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நாளைக்கு வருவேன் என்று சொல்லித்தான் போனார்.

மனேஜர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் அவர் அழுதால், நாளையிண்டைக்கு நீங்கள் மூண்டாம் மாடி."

அலுமாரி

சமையல்காரர் மூதூர் நவாஸ் நானா, ஐந்து நேரமும் தொழுகிறவர். நாளைக்கு அந்த வைனுக்குப் பொருந்துகிற கறி வைக்கவேணும், ஆனால் அவர் போத்தலை மணந்தும் பார்க்கமாட்டார். நானும் குடிப்பதில்லை. வேறு வழியில்லாமல் போத்தல் தக்கையை மூக்கில் பிடித்து, "பட்டர் பூசி வாட்டின பாண் மணக்குது நானா, பிறகு புது அலுமாரியைத் திறந்த மாதிரி ஒரு மணம்" என்றேன். அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இப்ப அலுமாரிக்கோ கறி வைக்கவேணும் தங்கச்சி?"

பால்

வைத்தார். மிளகாயே இல்லாமல், கெட்டித் தேங்காய்ப்பாலில் இறால், கொஞ்சம் பட்டர், இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. மறுநாள் வந்த பிரெஞ்சுக்காரர் கோப்பையை வழித்துத் துடைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அந்தத் துணிவில், ஓர்ஸ் ஹில்லிலிருந்து வந்து அதே வைனை எடுத்த டொக்டர் அம்மாவுக்கும் அந்த இறாலையே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல்காரருக்கு நான் சொல்லுற சாப்பாட்டை எனக்கே சொல்றீங்களோ? வைன் எப்படிப் போனாலும் போகட்டும், நல்ல உறைப்பா நண்டு கொண்டு வாங்கோ."

அன்றிலிருந்து யார் கேட்டாலும், "நீங்கள் எதோட விரும்புவீங்கள்?" என்று நான் முந்திக் கேட்டுவிட்டு, அவர்கள் எதைச் சொன்னாலும் "ஓம், அதுக்கெண்டே செய்த வைன்தான் இது" என்று சொல்லித் தப்பிக்கிறேன்.