ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

எங்கள் குடும்பம் மண்சரிவுக்குத் தயாராக இருந்தது. யாரும் சிரிக்க வேண்டாம். இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எங்களைப் போல ஒத்திகை பார்த்த குடும்பம் வேறு இருந்திருக்காது.

ஆரம்பித்து வைத்தவர் கிராம சேவகர். நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டிருப்பதைப் பார்க்க வந்தார். அப்போது லயத்தில் யாரிடமும் போன் கிடையாது. ஆபத்து என்றால் தேயிலை ஆலையான ஸ்டோரில் சங்கை நிறுத்தாமல் ஊதுவார்கள், கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். "இக்மனட துவன்ன, சீக்கிரம் ஓடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். வேறு இடத்தில் வீடு தருவார்களா என்று அப்பா கேட்டதும் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை சோறு இறக்கும் நேரம் பார்த்து, வாசலில் நின்று கையைக் குவித்து "ஊ..." என்று ஊதுவார். அவர் என் தங்கையைத் தூக்க வேண்டும். நான் பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் இருக்கும் பையை எடுக்க வேண்டும். அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வர வேண்டும்.

"நரி ஊளையிடுற மாதிரி இருக்கு. ஓடுங்க ஓடுங்க, நான் பொறவு வாறேன்" என்று அம்மா அகப்பையோடு நிற்பாள். சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

"சிரிங்க. மலை வந்து கேட்டா பதில் சொல்லுங்க" என்பார் அப்பா. எனக்குப் பதினேழு வயது. மானம் போனது. ஆனாலும் ஓடினேன்.

அதே சங்குதான் தினமும் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குக் கூப்பிடும். மேட்டில் எல்லோரும் கூடி, பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பிந்தினால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அம்மா இருபத்தைந்து வருடமாக அந்தச் சத்தத்துக்கு மேடு ஏறியவள். இரண்டுக்கும் ஒரே சங்கு என்பது எங்கள் மரமண்டைகளில் ஏறவே இல்லை.

நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் விடிகிற நேரம் சங்கு ஊதியது. நிற்கவில்லை. அப்பா தங்கையை அள்ளினார். நான் பையை எடுத்தேன். பின்னால் பூட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா வருகிறாள் என்று நினைத்து ஓடினேன். ஒத்திகையில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர்தான் இருந்தோம்.

பக்கத்துக் காம்பரா அத்தை அழுதுகொண்டே வந்தார். "ஒங்கம்மா கூடையத் தூக்கிக்கிட்டு மேல போகுது புள்ள. கூப்பிட்டேன். 'எங்க வீட்டு மனுசனுக்கு வேற வேலையில்ல. பெரட்டுக்கு இம்புட்டு நேரமா ஊதுறான், நான் பிந்திட்டேன், அரப்பேரு போட்டுருவான்'னு சொல்லிட்டு இன்னும் வெரசா ஏறுது."

சங்கு நீள நீள அவள் வேகமாக ஏறியிருக்கிறாள்.

மேட்டுப் பாதை மட்டும்தான் சரிந்தது. லயத்தில் ஒரு தகரம்கூட அசையவில்லை. நாங்கள் நாலு பேரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்திருந்தாலே போதும். மூன்றாம் நாள் அம்மாவைத் தோண்டி எடுத்தார்கள். சாவி முந்தானையில் முடிந்தபடி இருந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் தோட்டத்தில் அம்மாவின் இடத்துக்கு என்னைப் பதிந்தார்கள். அம்மாவுக்குப் பதில் வேலைக்கு ஆள் தராவிட்டால் காம்பராவை விட வேண்டும் என்றார்கள். எங்களுக்குப் போக்கிடம் ஏது? அதே வெடிப்புக்குக் கீழே, அதே காம்பராவில்தான் கிடந்தோம்.

முதல் நாள் ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கை தானாகப் பையைத் தேடிப் போனது. அப்பாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெரட்டுக்குப் பிந்திரும், ஓடு புள்ள" என்றார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.