தேவராஜண்ணனின் பீரோ சாவி

யாராவது இந்த மாதிரிக் கதையை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால்கூட எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பக்கத்தில் நிற்கிற என் பெண்டாட்டி கையைக் கிள்ளுவாள். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன் என்றால் நடந்ததால்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் பேரிங் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பேரிங் வளையங்களைக் கல்லில் தேய்க்கும்போது சூடேறாமல் இருக்க, பால் கலந்த மாதிரி ஒரு கூலன்ட் தண்ணீரை மேலே விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது இரும்புத் தூளும் கல் தூளுமாகச் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற சென்ட்ரிபியூஜ் மெஷின்தான் என் பொறுப்பு. பெரிய வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் துணி பிழிகிற மெஷின் சுற்றுகிற மாதிரி உள்ளே ஒரு டிரம் பயங்கர வேகத்தில் சுற்றும், கனமான தூளெல்லாம் டிரம் சுவரில் போய் அடை மாதிரி அப்பிக்கொள்ளும், சுத்தமான கூலன்ட் மறுபடி மெஷின்களுக்குப் போய்விடும். அடை நிறைந்ததும் நிறுத்தி, மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் சுரண்டி எடுப்போம். டிரம் முழுசாக நிற்காமல் மூடி திறக்காது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்து, எனக்கு எதிர் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் தேவராஜண்ணன். அவரும் எங்கள் நகரிப் பக்கம்தான், அதனால் தெலுங்கு சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டிருப்போம். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், வாயால் மட்டும் கூப்பிடுகிற தம்பி இல்லை.

என் பெண் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட வேண்டும், எனக்கோ லீவு இல்லை. தேவராஜண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வீட்டில் படுத்திருந்தார். "நீ பாப்பாவ இட்டுக்கினு போ, ஒன் ஷிப்ட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் புத்தூரில் கட்டுப் போடுகிற இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஏர்பேடு கூட்ரோட்டில் ஒரு லாரி அவர் வண்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டதாம்.

உயிர் போகவில்லை. ஆனால் வலது கை வலது கால் அசைவில்லாமல் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஒரே ஒரு தடவை பார்த்தேன், உள்ளே போகக் கால் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்பேன், அன்றைக்கு ஏதாவது ஒரு வேலையை நானே உண்டாக்கிக்கொள்வேன். என் பெண்ணுடைய கை நன்றாகக் கூடிவிட்டது, அவள் அந்தக் கையால் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டியவன் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தூங்கிக்கொண்டிருந்த மனுஷனை எழுப்பி ரோட்டுக்கு அனுப்பியவன் நான்தானே. யாரும் சொல்லவில்லை, ஆனால் வேறு எப்படி நினைப்பது.

இப்படியே போன வருஷம் மழைக்காலம் வந்தது. அன்றைக்குப் பகல் ஷிப்ட், நல்ல வெளிச்சம். காலையில் வந்ததும் டிரம்மைக் கழுவி, உள்ளே பிளாஸ்டிக் உறை புதுசாகப் போட்டு நானேதான் மூடினேன். கழுவிய கை என் கை, பார்த்த கண் என் கண், உள்ளே ஒன்றும் இல்லை. மதியம் வரைக்கும் மெஷின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த டிரம்முக்குள் ஒரு சின்ன போல்ட் விழுந்தாலே எடை ஒரு பக்கம் சாய்ந்து தரையே அதிரும், மெஷின் தானாக நின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நிறுத்தித் திறந்தேன். அடை வழக்கம்போல ஈரமாக, கெட்டியாக இருந்தது. சுரண்டிக்கொண்டே வந்தேன், கடைசியில் உறைக்குப் பக்கத்தில் மரக்கரண்டி ஏதோ ஒன்றில் இடித்தது. விரலை விட்டு நோண்டினேன். ஒரு பித்தளைச் சாவி. மேலே தலைப் பக்கத்தில் ஒரு நட்டு வைத்துப் பற்றவைத்திருந்தது.

அந்தச் சாவியை எனக்குத் தெரியும். தேவராஜண்ணன் வீட்டுப் பீரோ சாவி அது. தலை உடைந்துபோய்விட்டது என்று எங்கள் வொர்க்‌ஷாப்பில்தான் நட்டு வைத்துப் பற்றவைத்தார், நான் இடுக்கியில் பிடித்துக்கொண்டேன். அதை அரைஞாண் கயிற்றில் கட்டி இடுப்பில்தான் வைத்திருப்பார். அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கயிற்றை வெட்டி எங்கேயோ போட்டுவிட்டார்கள், சாவி போனது போனதுதான் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசர் சீனிவாசுலு வந்து "ஏமய்யா, ஏமாயிந்தி?" என்றார், என்ன ஆச்சு என்று. காட்டினேன். எவனோ விளையாட்டுக்குப் போட்டிருக்கிறான் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விளையாட்டுக்கு என்றாலும் எப்படிப் போடுவது? கூலன்ட் உள்ளே போகிற வழியில் வலை இருக்கிறது, அதன் கண்ணில் அந்தச் சாவியை வைத்து நானே அழுத்திப் பார்த்தேன், நுனிகூட நுழையவில்லை. மூடியை ஓட்டத்தில் திறக்க முடியாது. அதைவிட, சாவி அடைக்கு மேலே கிடைக்கவில்லை, அடைக்கு அடியில் உறையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அப்படியென்றால் முதல் சொட்டு அழுக்கு வருவதற்கு முன்னாலேயே அது அங்கே இருந்திருக்க வேண்டும். காலையில் நான் மூடும்போது அது வெறும் டிரம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், நான் யோசித்து ஓய்ந்துபோய்விட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக வண்டியை அவர் ஊருக்கு விட்டேன். போகாமல் இருக்க அன்றைக்கு என்னிடம் காரணமே இல்லை.

அவர் மனைவி விஜயா அண்ணி குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வா தம்பி. பாப்பா கை கூடிட்ச்சா?" என்று கேட்டார்.

கூடிவிட்டது என்றேன். என்னால்தான் அண்ணி எல்லாம், நான் போன் பண்ணாமல் இருந்திருந்தால் என்று என்னமோ உளறினேன்.

"நீயா லாரி ஓட்டுன? அவரு தூங்காத கண்ணோட சட்டைய மாட்டிக்கினு கெளம்புனாரு, நான்தான் சோத்த கட்டிக் குடுத்து அனுப்புனேன். அப்புடிப் பாத்தா நானும்தான்" என்றார்.

சாவியை எடுத்து நீட்டினேன். எங்கே கிடைத்தது என்பதைச் சொன்னேன். அவர் உடனே வாங்கவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பீரோவுக்குள் அவர்கள் பெண்ணுடைய சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது, காலேஜில் சேர்க்க வேண்டும், நாள் நெருங்கிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாரும் பூட்டை உடை என்கிறார்கள். அண்ணி மட்டும் உடைக்க விடவில்லை.

"அவரே எழுந்து வந்து தெறப்பாருன்னு சொல்லிக்கினு இருந்தேன் தம்பி. அந்தப் பீரோ மூடிக்கினு கீற வரிக்கும் அவரு வருவாருன்னு எனக்கு ஒரு இது" என்றார்.

அப்புறம் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பீரோவில் போட்டார், அது சத்தமில்லாமல் திரும்பியது. சர்டிபிகேட்டுகளை எடுத்துப் பெண் கையில் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்தாள், அண்ணி அழுதார், நான் அவருக்கு நல்லது செய்தேனா அவரிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேனா என்று தெரியாமல் நின்றேன். இன்னமும் தெரியவில்லை.

புறப்படலாம் என்று வாசலுக்கு வந்தபோது அண்ணி தணிந்த குரலில், "உள்ள வந்து ஒண்ணு பாரேன். நீ கம்பெனிக்காரன், ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

தேவராஜண்ணன் கட்டிலில் படுத்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். இரண்டு பேர் தூக்கினால்தான் அந்தக் கட்டிலை விட்டு அவர் எழ முடியும். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மதியத்தில் அவரிடமிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்ததாம், அண்ணி ஓடிவந்து பார்த்தாராம், அப்போதிலிருந்து சோப்புப் போட்டுத் தேய்க்கிறாராம், போகவில்லையாம். போர்வையை விலக்கி அவருடைய வலது கையைத் தூக்கிக் காட்டினார், அசைவே இல்லாத அந்தக் கையை.

ஐந்து நகத்தின் அடியிலும் சாம்பல் நிறத்தில் ஈரமான விழுது. நான் குனிந்து முகர்ந்தேன். கூலன்ட் வாசனை எனக்குத் தெரியாதா, தினமும் அதோடுதானே வீட்டுக்குப் போகிறேன்.

தண்ணீரும் சோப்பும் மரத்தூளும் கேட்டு வாங்கி, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகக் கழுவினேன். கழுவும்போது அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சுத்தமாகப் போய்விட்டது, நானே துடைத்துப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுகிறேன். அவருக்கு நகம் வெட்டிவிடுவது என் வேலை. அந்தப் பழைய நகம் எல்லாம் வளர்ந்து வெட்டுப்பட்டு எப்போதோ போய்விட்டது, இப்போது இருப்பது புது நகம். போன ஞாயிற்றுக்கிழமையும் வெட்டினேன். அடியில் அந்தச் சாம்பல் இருந்தது, ஈரமாக.